பாலில்லாத க்ரீமுக்குள் பால்

பேக்கரிக்காரர்கள் 'டாப்பிங்' என்று சொல்வது கேக்கின் மேல் பூசும் வெள்ளைக் க்ரீமை. உறைந்த கட்டியாக அட்டைப் பெட்டியில் வரும். மைனஸ் 18 டிகிரியில் கிடப்பதை முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்கி, முழுக்க இளகுவதற்குள் மிக்சரில் ஊற்றி அடிக்க வேண்டும். மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று பொங்கி நிற்கும். பசும்பாலில் எடுத்த க்ரீமை அடித்தால் இரண்டு மடங்குக்கு மேல் போகாது. சென்னை வெயிலில் பூப்போட்டு முடிப்பதற்குள் வழிந்துவிடும். விலையும் கட்டாது. நான் வேலை கற்ற காலத்திலிருந்தே வடபழனி, சாலிகிராமம், கோடம்பாக்கம் பக்கத்து பேக்கரிகளில் ஐஸிங் கேக் என்றால் டாப்பிங்தான்.

அந்தப் பெட்டியின் முகப்பில் 'நான்-டெய்ரி' என்று பளிச்சென்று இருக்கும். பின்புறத்தில் பொடி எழுத்தில் சேர்மானப் பட்டியல். தண்ணீர், ஹைட்ரஜன் ஏற்றிய பாம் கர்னல் எண்ணெய், சர்க்கரை, ஸ்டெபிலைசர், எமல்சிஃபையர். நடுவில் எங்கோ, பல பிராண்டுகளில், 'சோடியம் கேசினேட்' என்று இரண்டு சொல். அது பாலிலிருந்து எடுத்த புரதம். பால் இல்லை என்று முகப்பில் எழுதிய பெட்டிக்குள் பால் இருக்கிறது.

ஆடை நீக்கிய பாலில் அமிலம் விட்டு பிஎச் 4.6-க்குக் கொண்டுவந்தால் கேசின் திரிந்து தனியே பிரியும். அதைக் கழுவி, காஸ்டிக் சோடா கரைசலில் கரைத்து, சூடான காற்றில் தூவி உலர்த்தினால் கிடைக்கும் வெள்ளைப் பொடிதான் சோடியம் கேசினேட். பசும்பாலின் புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கேசின். டாப்பிங்கில் அதன் வேலை முக்கியமானது. எண்ணெயும் தண்ணீரும் பிரியாதபடி ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுற்றிப் படிந்து காக்கும். அடிக்கும்போது காற்றுக் குமிழியைப் பிடித்து நிறுத்தும். வாயில் வைத்தால் பால் க்ரீம் போலவே இருக்கச் செய்யும். மிகக் கொஞ்சம் சேர்த்தாலே போதும். அவ்வளவு குறைவாகப் போட்டு அவ்வளவு வேலை வாங்க முடிகிற பொருள் வேறு எளிதில் அகப்படாது. அதனால்தான் உற்பத்தியாளர்கள் அதை விட மாட்டேன் என்கிறார்கள்.

1945-இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராபர்ட் ரிச் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் டாப்பிங் சோயாவில் செய்தது. பிறகு இந்தத் தொழில் வளர்ந்தபோது கேசினேட் உள்ளே நுழைந்தது. பெயர் மட்டும் பழையபடியே நின்றது. தொழில்காரனுக்கு 'நான்-டெய்ரி' என்றால் பால் கொழுப்பு இல்லாதது என்று பொருள். கெடாமல் நிற்கும், விலை குறைவு, அவ்வளவுதான் அவன் கேட்பது. சாப்பிடுகிறவருக்கு அந்தச் சொல் வேறொன்றைச் சொல்கிறது. அமெரிக்கச் சட்டம் இதைத் தெரிந்தே அனுமதித்து, அப்படி எழுதிய பொருளில் கேசினேட் இருந்தால் பக்கத்திலேயே 'பாலிலிருந்து பெறப்பட்டது' என்று விளக்கம் போடச் சொல்லியிருக்கிறது. யூத மத முறைப்படி கோஷர் சான்று தருகிறவர்கள் இதில் கறார். இறைச்சியோடு பாலைச் சேர்க்கக் கூடாது என்பது அவர்கள் நெறி. அதனால் வட்டத்துக்குள் 'யு' போட்ட முத்திரைக்குப் பக்கத்தில் 'டி' என்ற எழுத்து இருந்தால் உள்ளே பால் உண்டு, அல்லது பால் ஓடிய இயந்திரத்தில் செய்தது என்று அர்த்தம். இறக்குமதியான காபி க்ரீமர், டாப்பிங் எது கைக்கு வந்தாலும் நான் முதலில் தேடுவது அந்த ஒற்றை எழுத்தைத்தான்.

வடபழனியில் கேக் மாஸ்டராக இருப்பவனுக்குப் பலதரப்பட்ட வாடிக்கையாளர்கள். ஆற்காடு சாலை ஸ்டுடியோக்களிலிருந்து ஷூட்டிங் பிறந்தநாள் கேக் ஆர்டர் வரும். முகூர்த்த நாளில் முருகன் கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பக்கத்து மண்டபத்தில் மாலை ரிசப்ஷன் வைப்பவர்கள் மூன்றடுக்கு கேக் கேட்பார்கள்; அதிலும் முட்டை இல்லாததுதான் வேண்டும். விஜயா வாகினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் எழுந்த ஆஸ்பத்திரிக்கு வந்து போகிறவர்கள் வாசலில் நின்று, சர்க்கரை இல்லாதது உண்டா, பால் இல்லாதது உண்டா என்று கேட்பார்கள். சவுகார்பேட்டையிலிருந்து இந்தப் பக்கம் குடிவந்த ஜைனக் குடும்பங்கள், பாலையும் விட்டுவிட்ட கல்லூரிப் பிள்ளைகள், பால் ஒத்துக்கொள்ளாத குழந்தையின் தாய். இவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே வாக்கியத்தைத்தான்: "இதுல பால் இருக்கா?" ஆனால் ஒவ்வொருவருக்கும் பதில் வேறு.

பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவருக்குப் பிரச்சினை லாக்டோஸ் என்ற பால் சர்க்கரையில். கேசினேட்டில் அது மிகச் சொற்பம். டாப்பிங் கேக் சாப்பிட்டால் அவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பால் அலர்ஜி உள்ள குழந்தைக்குப் பிரச்சினையே புரதத்தில். சில மில்லிகிராம் போதும், உடம்பு முழுக்கத் தடிப்பு வரும், உதடு வீங்கும், மூச்சுக்குழல் இறுகும். கொள்கைக்காகப் பாலை விட்டவருக்கு உடம்பு ஒன்றும் செய்யாது. ஆனால் தான் வேண்டாம் என்று ஒதுக்கியதைத் தெரியாமல் தின்ன வைத்திருக்கிறோம். இந்த மூன்று பேரையும் ஒரே தட்டில் வைத்து "பால் இல்லைங்க" என்று பதில் சொல்வது எங்கள் தொழிலில் இன்றும் நடக்கிறது. அதுதான் எனக்கு ஆகவே ஆகாத விஷயம்.

ஒருநாள் மாலை ஒரு பெண் காலிப் பெட்டியோடு வந்தார். மகனுக்கு ஆறு வயது. வேறொரு பேக்கரியில், பையனுக்குப் பால் ஆகாது என்று சொல்லியே கேக் வாங்கியிருக்கிறார். இரண்டு வாய் தின்றதும் பையனுக்கு முகம் வீங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, அட்ரினலின் ஊசி போட்டு மீட்டிருக்கிறார்கள். மறுநாள் அந்தக் கடைக்குப் போய் என்ன க்ரீம் போட்டீர்கள் என்று கேட்டுப் பெட்டியை வாங்கி வந்துவிட்டார்.

"அண்ணே, நல்லாப் பாருங்க. நான்-டெய்ரின்னு போட்டிருக்கு. அப்புறம் எப்படி?"

பெட்டியைத் திருப்பி அந்த இரண்டு சொல்லைக் காட்டினேன்.

"இது பாலா? கெமிக்கல் பேரு மாதிரி இருக்கே. கடைக்காரர் பொய் சொல்லலையே அண்ணே, அவருக்கும் தெரியலையே."

உண்மைதான். அந்த மாஸ்டர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பேக்கரி வேலை கண் பார்த்துக் கை செய்யும் வேலை. மைதா எவ்வளவு தண்ணீர் குடிக்கும், ஓவன் சூடு எப்போது ஏறும் என்பதெல்லாம் மூத்த மாஸ்டர் சொல்லிக் கொடுப்பார். பெட்டியின் முதுகைப் படிக்க யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. என் பழைய முதலாளி ஸ்டோர் கணக்கு எழுதும் வேலையையும் என்னிடம் விட்டிருந்தார். ஒவ்வொரு சரக்கின் பெயரையும் எழுத்துக்கூட்டி நோட்டில் எழுத வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் எனக்கு இந்தச் சொல் அறிமுகம்.

சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. நம் நாட்டு விதிப்படி முட்டை, இறைச்சி, மீன், பூச்சி, விலங்கின் எந்தப் பாகமும் சேர்ந்தால் அசைவம். பால், பால் பொருள், தேன், தேன்மெழுகு, ஷெல்லாக் எனும் அரக்கு ஆகியவற்றை அந்த வரையறையே விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே கேசினேட் போட்ட டாப்பிங்குக்குப் பச்சைப் புள்ளி முறைப்படி கிடைக்கும். ஜெலட்டின் இல்லை, கோச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் சிவப்பு இல்லை என்பதற்குப் பச்சைப் புள்ளி நல்ல சாட்சி. பாலுக்கு அது சாட்சியே அல்ல. பால் அந்தப் புள்ளிக்குப் பின்னால்தான் நிற்கிறது.

பச்சைப் புள்ளியைவிடப் பயன்படுவது 'கன்டெய்ன்ஸ்' என்று தொடங்கும் அலர்ஜி வரி. கோதுமை முதலான குளூட்டன் தானியங்கள், நண்டு இறால், பால், முட்டை, மீன், வேர்க்கடலையும் கொட்டைகளும், சோயா, சல்ஃபைட் இவை சேர்ந்திருந்தால் தனியே எழுத வேண்டும் என்பது விதி. சேர்மானப் பட்டியலில் ஒரு சலுகை உண்டு: ஏற்கெனவே பல பொருள் சேர்த்துச் செய்த ஒரு கலவை, மொத்த உணவில் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அதன் உள்ளே இருப்பதையெல்லாம் விரித்து எழுத வேண்டியதில்லை. அதனால் பட்டியலை நம்புவதைவிட அலர்ஜி வரியை முதலில் பார்க்கச் சொல்வேன். என்னிடம் வேலை கற்க வரும் தம்பிகளுக்கு மைதா சலிக்கச் சொல்வதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் வரி எழுத பெட்டி வேண்டுமே. பாரிமுனையில் நைனியப்ப நாயக்கன் தெருவும் அதை ஒட்டிய சந்துகளும் எங்களுக்கு எசென்ஸ், கலர், ஸ்டெபிலைசர் எல்லாம் கிடைக்கும் இடம். 25 கிலோ மூட்டையைப் பிரித்து, அரைக் கிலோ ஒரு கிலோ என்று கண்ணாடிக் கவரில் கட்டி வைத்திருப்பார்கள். கவரின் மேல் மார்க்கர் பேனாவில் பெயர் இருந்தால் உண்டு. அங்கேதான் எனக்குத் தேங்காய்ப் பால் பொடி விஷயம் பிடிபட்டது.

தேங்காய்ப் பால் நம் வீட்டுப் பொருள். இடியாப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் ஊற்றிக்கொள்கிறோம். திருநெல்வேலி சொதி அதில்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்துச் சமையலறை அதில்லாமல் ஒருநாள் ஓடாது. மாட்டுப் பாலை விட்டவர் முதலில் கை வைப்பது தேங்காய்ப் பாலில். பால் இல்லாத கேக், பால் இல்லாத ஐஸ்க்ரீம் என்று நான் தனியே தொடங்கியபோது தினமும் தேங்காய் துருவிப் பிழிவதற்கு ஆள் போதவில்லை. பொடி வாங்கலாம் என்று போனேன்.

"இது சுத்தமான தேங்காய் மாஸ்டர்," என்றார் கடைக்காரர். நெடுநாள் பழக்கம், நல்ல மனிதர்.

"மூட்டையைக் காட்டுங்கண்ணே."

"தேங்காயில எதுக்கு மூட்டை பாக்குறீங்க? தேங்காயில மாட்டுப் பால் எப்படி வரும்?"

உள்ளே போய்ப் பார்த்தேன். மூட்டையில் அச்சிட்டிருந்தது: தேங்காய்ப் பால், மால்ட்டோடெக்ஸ்ட்ரின், சோடியம் கேசினேட். அவருக்கு நம்ப முடியவில்லை. அந்தச் சொல்லைத் தன் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "எத்தனை பேருக்கு வித்திருப்பேன்" என்றார்.

காரணம் எளிது. தேங்காய்ப் பாலில் கொழுப்பு மிகுதி. அப்படியே உலர்த்தினால் பொடியாகாது. பிசுபிசுவென்று இயந்திரத்தின் சுவரில் ஒட்டும். கொழுப்பைச் சுற்றி உறை போட மாவுச்சத்திலிருந்து செய்த மால்ட்டோடெக்ஸ்ட்ரினும் கேசினேட்டும் உதவுகின்றன. அதே பொடி வெந்நீரில் திரியாமல் கரைவதும் கேசினேட்டின் தயவில்தான். எல்லாப் பிராண்டும் அப்படி என்று சொல்ல மாட்டேன். கேசினேட் இல்லாமல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், பாக்கெட்டைப் படித்தால் தெரிந்துவிடும். டின்னிலும் டெட்ரா பேக்கிலும் வரும் திரவத் தேங்காய்ப் பாலில் பெரும்பாலும் குவார் கம் போன்ற செடிப் பொருள்தான் இருக்கும். சிக்கல் பொடியில், அதிலும் பெயரில்லாத கவரில் வரும் பொடியில். தேங்காய் துருவ நேரமில்லாத நகரத்து வீடுகளிலும், தேங்காய் கிடைக்காத ஊர்களில் வாழும் நம் மக்கள் வீடுகளிலும் இந்தப் பொடிதான் ஓடுகிறது. அங்கே பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கு ஆப்பமும் தேங்காய்ப் பாலும் கொடுக்கும் பாட்டி, தான் கொடுப்பதில் ஆபத்து இருக்கும் என்று கனவிலும் நினைக்க மாட்டார்.

2013 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். பால் அலர்ஜி இருந்த பிள்ளை. குடித்தது, இறக்குமதியான ஒரு டின் தேங்காய்ப் பானம். உள்ளே பால் இருந்தது. டின்னின் லேபிளில் அது இல்லை. இறக்குமதி செய்த நிறுவனத்துக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. அந்த மரணத்தின் விசாரணையைத் தொடர்ந்து, கடுமையான அலர்ஜியோடு வருகிற ஒவ்வொருவரையும் பற்றி ஆஸ்பத்திரிகள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று விக்டோரியா மாநிலம் 2018-இல் விதி கொண்டுவந்தது. நம்மிடம் அப்படி ஓர் ஏற்பாடு இருந்தால், அந்தத் தாய் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைய வேண்டியிருக்காது. ஆஸ்பத்திரியிலிருந்தே விசாரணை கிளம்பியிருக்கும்.

இன்னொன்று, 2017 டிசம்பர் இறுதியில் இங்கிலாந்தின் பாத் நகரில் நடந்தது. பால் அலர்ஜி உள்ள ஒரு பெண், பெயர் பெற்ற கடையொன்றில் பால் சேராதது என்று விற்ற காய்கறி ரோல் சாப்பிட்டு இறந்தார். அதில் இருந்தது தேங்காய்த் தயிர். அந்தத் தயிரில் யாரும் பால் சேர்க்கவில்லை. தயிர் கெட்டியாக நிற்பதற்குப் போட்ட ஸ்டார்ச், பால் பொருளும் கையாளும் ஆலையில் தயாராகி, அங்கே பால் புரதம் கலந்துவிட்டது. 2022-இல் விசாரணை முடித்த மரண விசாரணை அதிகாரி, பால் இல்லை என்று சொல்கிறவர்கள் அதை நிரூபிக்கும் வழியும் வைத்திருக்க வேண்டும் என்ற பொருளில் எழுதினார். இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் என் ஸ்டோரில் இருந்த ஒவ்வொரு டப்பாவையும் கீழே இறக்கினேன். தயிருக்குப் போடும் ஸ்டார்ச் எந்த ஆலை? வனிலா எசென்ஸ் பொடியில் மணத்தைச் சுமக்கும் பொருள் எது, லாக்டோஸா? உறைமோராகப் போடும் கல்ச்சரை எதில் வளர்த்தார்கள், எதில் உலர்த்தினார்கள்?

கல்ச்சர் விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிலக்கடலைப் பாலையும் முந்திரிப் பாலையும் தயிராக உறைய வைக்கலாம். வீட்டில் செய்கிறவர்கள் பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு உறைய வைக்கிறார்கள். காம்பில் இயல்பாக ஒட்டியிருக்கும் கிருமிகள் அந்த வேலையைச் செய்யும். வீட்டுக்கு அது நல்லது. விற்பனைக்கு ஒரே புளிப்பு, ஒரே கெட்டி வேண்டும் என்பதால் கடையில் வாங்கும் உலர் கல்ச்சர்தான் கை கொடுக்கும். அவற்றில் பல பால் ஊடகத்தில் வளர்ந்தவை, அல்லது பால் பொடியோடும் லாக்டோஸோடும் கலந்து வருபவை. பாக்கெட்டில் பாக்டீரியாவின் பெயர் மட்டும் நீளமாக இருக்கும். பால் படாமல் வளர்த்த கல்ச்சர் கிடைக்கிறது; விலை கூடுதல்; தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டால்தான் அது எது என்று தெரியும்.

எழுத்தில் கேட்பதுதான் இப்போது என் தொழிலில் பாதி. சப்ளையரிடம் 'ஸ்பெக் ஷீட்' கேட்கிறேன்: பொருள் எதிலிருந்து எடுத்தது, கேரியர் என்ன, அதே லைனில் வேறு என்ன ஓடுகிறது. 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், வெறும் எண் குறியீட்டோடு நிறுத்தாமல் ஒவ்வொரு சேர்மானமும் செடியா, விலங்கா, ஆய்வுக்கூடத் தயாரிப்பா என்று தெரிவிக்க வேண்டும் என்று சொன்னது. ராம் கௌ ரக்ஷா தள் என்ற அமைப்பு தொடுத்த வழக்கு அது. சிப்ஸில் சுவைக்காகச் சேர்க்கும் டைசோடியம் இனோசினேட் மீனிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ வரக்கூடும் என்பதை அந்தத் தீர்ப்பு உதாரணமாகவே எடுத்துக்கொண்டது. சப்ளையர் தயங்கினால் இதை நினைவுபடுத்துவேன். 471 என்ற எமல்சிஃபையர் எண்ணெயிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எண்ணைப் பார்த்து மூலத்தைச் சொல்ல எவராலும் முடியாது.

இப்படி மூலம் தெரியாத இன்னொன்று விட்டமின் டி. அதைப் பற்றி என்னிடம் கேட்டவர் ஒரு ஜைனப் பெரியவர். சோயா பால், பாதாம் பானம், ஓட்ஸ் பானம் ஆகியவற்றில் பாலுக்கு ஈடாக இருக்கட்டும் என்று கால்சியமும் விட்டமின் டி-யும் சேர்க்கிறார்கள். டி3 என்று போட்டிருந்தால் அது வழக்கமாகச் செம்மறி ஆட்டுக் கம்பளியிலிருந்து வருவது. கம்பளியைக் கழுவும்போது கிடைக்கும் லானோலின் என்ற மெழுகிலிருந்து கொலஸ்டிராலைப் பிரித்து, அதை வேதிமுறையில் மாற்றிப் புற ஊதா ஒளி பாய்ச்சி எடுக்கிறார்கள். டி2 என்றால் ஈஸ்ட் அல்லது காளான் வழி வந்தது. பாறையிலும் மரத்திலும் படரும் லைக்கனிலிருந்து எடுத்த டி3-யும் உண்டு. செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியும் லைக்கன்தான், விட்டமினுக்கு எடுப்பது வேறு வகை. பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இவ்வளவு வருஷமா ஆட்டுக் கம்பளியைக் குடிச்சிருக்கேன் தம்பி, யாரும் சொல்லலையே" என்றார். அவருடைய வருத்தம் எனக்கு நியாயமாகப் பட்டது.

சர்க்கரையைப் பற்றியும் கேட்பார்கள், எலும்புக் கரியில் வெளுத்ததா என்று. அந்த முறை சில நாடுகளில் உண்டு. நம் ஆலைகளில் பெரும்பாலும் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் கொண்டுதான் கரும்புச் சாற்றைத் தெளிய வைக்கிறார்கள். இந்தக் கவலை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

சட்டம் எந்தப் பக்கம் கூர்மையாக இருக்கிறது என்று பார்த்தால் எனக்கு ஆதங்கம் வருகிறது. நெய்யில் வனஸ்பதி கலப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காகவே, வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று பல பத்தாண்டுகளாக விதி இருக்கிறது. சந்தேகப்பட்ட நெய்யில் அமிலமும் ஃபர்ஃபியூராலும் விட்டுக் குலுக்கினால், நல்லெண்ணெய் இருந்தால் சிவக்கும். எவ்வளவு நுட்பமான ஏற்பாடு! 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம், பாதாம் பானத்தையும் சோயா பானத்தையும் 'மில்க்' என்று விற்கக் கூடாது என்று நடவடிக்கை எடுத்தது. தேங்காய்ப் பாலுக்கு மட்டும் வழக்கம் கருதி விலக்கு. நிறுவனங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போயின. பாலின் பெயரைச் செடியிடமிருந்து காப்பதற்கு இவ்வளவு சிரத்தை. செடி என்று நம்பி வாங்குகிறவரைப் பாலிடமிருந்து காப்பதற்கு அதே சிரத்தை வெகுகாலம் இல்லை.

2022-இல் வந்த வீகன் உணவு விதிகள் அந்தக் குறையில் பெரும்பகுதியைத் தீர்த்தன. சேர்மானம் மட்டுமல்ல, சேர்க்கைப் பொருள், மணப்பொருள், என்சைம், கேரியர், தயாரிப்பில் பயன்பட்டு மறைந்துபோகும் பொருள் எதுவும் விலங்கிலிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. பச்சை நிறத்தில் 'வி' எழுத்தும் அதன் மேல் இலையும் கொண்ட முத்திரையைப் போட ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். எனக்கு அந்த முத்திரையில் மதிப்பு உண்டு. ஆனால் அலர்ஜி உள்ள குழந்தையின் தாயிடம் அதை மட்டும் நம்பச் சொல்ல மாட்டேன். தெரிந்து எதையும் சேர்க்கவில்லை என்பதற்கு அது உறுதி. பக்கத்து மெஷினிலிருந்து பறந்து வந்த பால் பொடிக்கு அது உறுதியல்ல.

பறந்து வருவதைப் பற்றிச் சொன்னால் எங்கள் பட்டறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் ஊர் மாஸ்டர்களுக்கு நெய் ஒரு சேர்மானமே அல்ல. தேங்காய் பர்பியில் என்ன போட்டீர்கள் என்றால் தேங்காய், சர்க்கரை, ஏலக்காய் என்பார்கள். தட்டில் தடவியது நெய். வில்லை போடும்போது கத்தியில் தொட்டது நெய். மேலே பளபளப்புக்குத் தடவியது நெய். அதெல்லாம் கைப்பழக்கம், யார் கணக்கிலும் வராது. வெண்ணெய் பிசைந்த மிக்சர் கிண்ணத்தை வெந்நீர் விட்டு அலசிவிட்டு அதிலேயே பால் இல்லாத கேக்குக்கு மாவு கலக்குவார்கள். கம்பி பீட்டரின் இடுக்கில் பழைய டாப்பிங் காய்ந்து ஒட்டியிருக்கும். நான் தனிக் கிண்ணம், தனி பீட்டர், தனித் தட்டு, பச்சைப் பிடி போட்ட தனிக் கத்தி வைத்த பிறகு, முதலில் முணுமுணுத்தவர்கள் என் ஆட்கள்தான். பிறகு, முகம் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போன அந்த ஆறு வயதுப் பையனை ஒருமுறை கடைக்கு அழைத்து வரச் சொன்னேன். அவனைப் பார்த்தபின் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஒவ்வொரு புதுச் சரக்கும் வரும்போது கேசின் காட்டும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கிறோம். சந்தேகம் வந்தால் அங்கீகாரம் பெற்ற லேபுக்கு எலைசா சோதனைக்கு அனுப்புகிறோம். செலவுதான். அந்தச் செலவு விலையில் ஏறுகிறது, அதை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

கேசினேட் இல்லாமல் டாப்பிங் செய்ய முடியுமா என்று கேட்கிற மாஸ்டர்களுக்கு: முடியும், ஆனால் பழைய டாப்பிங் மாதிரி நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைச் சுண்ட வைத்தால் அதிலுள்ள புரதம் நுரை பிடிக்கும். கெட்டித் தேங்காய்ப் பாலைக் குளிர வைத்து மேலே திரளும் ஆடையை அதோடு சேர்த்து, சோயா லெசிதின் கொஞ்சம் விட்டு அடிக்க வேண்டும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். மே மாதத்து வடபழனியில் ஏசி இல்லாத மண்டப மேடையில் இது பத்து நிமிடம்கூடத் தாங்காது. அதனால் ரிசப்ஷன் கேக் ஆர்டரை இந்த க்ரீமில் நான் எடுப்பதில்லை. பூ, ரோஜா, அடுக்கு எல்லாம் வேண்டும் என்பவரிடம், கேசினேட் இல்லாமல் சோயா புரதத்தில் செய்து விற்பனைக்கு வரும் டாப்பிங் பெட்டியைக் காட்டி, அதன் முதுகையும் படிக்கக் கொடுத்து, இதில் செய்யலாம் என்பேன். தேங்காய்ப் பொடியை விட்டாயிற்று. அதிகாலையில் இரண்டு பெண்கள் வந்து துருவிப் பிழிந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

இப்போது நான் மல்லுக்கட்டுவது லேபிள் மொழியோடு. லேபிளில் இருக்க வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. கூடுதலாக வேறு மொழி சேர்ப்பது நம் விருப்பம். பால் ஆகாத பிள்ளையை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்வது பல வீடுகளில் பாட்டி, அல்லது வீட்டு வேலைக்கு வரும் அக்கா. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதும் தேங்காய்ப் பால் கரைப்பதும் அந்தக் கைகள்தான். 'சோடியம் கேசினேட்' என்பதைத் தமிழில் அப்படியே எழுதினாலும் அவர்களுக்குப் பயனில்லை. அதனால் என் பெட்டிகளில் ஆங்கிலத்தோடு தமிழிலும் அச்சிடுகிறேன்: "பால், பால் பொடி, நெய், பால் புரதம் எதுவும் சேர்க்கவில்லை. முந்திரி, சோயா உண்டு." வெளியில் வாங்கும் சரக்கை அவர்களே சோதித்துப் பார்க்கட்டும் என்று, பாலைக் குறிக்கும் சொற்களை ஆங்கில எழுத்திலும் பக்கத்தில் தமிழிலும் ஒரு சீட்டில் போட்டு வைத்திருக்கிறேன்: கேசின், கேசினேட், வே, லாக்டோஸ், மில்க் சாலிட்ஸ், பட்டர் ஆயில், கர்ட். கேட்கிறவருக்கும் கேட்காதவருக்கும் பையில் ஒன்று போட்டுவிடுகிறோம். அந்தப் பையனின் பாட்டி அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாராம். படத்தைப் போல எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். போன வாரம் போன் செய்து, "தம்பி, சூப் பாக்கெட்டுல உன் லிஸ்ட்டுல இருக்கிற மூணாவது வார்த்தை இருக்கு, பாலா?" என்று கேட்டார். 'வே' என்று இருந்தது. பால்தான் அம்மா, கொடுக்காதீங்க என்றேன். சூப்பில் வரும் அந்தப் பொடியைப் பட்டியலில் இன்னும் விளக்கமாக எழுத வேண்டும். அடுத்த அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.